“வெளிப்படையாகச் சொல்லுங்கள்” என்று ஒரு கதை வந்தால்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிறுகதை எழுதுபவர்களின் இணையக் குழு ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். சேர்ந்த சில நாட்களிலேயே யாராவது ஒருவர் தன் கதையை அனுப்பி, “நேரம் கிடைக்கும்போது படித்துவிட்டு வெளிப்படையாகச் சொல்லுங்கள்” என்பார். எதைச் சொல்வது, எவ்வளவு சொல்வது, யார் முன்னால் சொல்வது என்று எவரும் கற்றுத் தருவதில்லை. அதனால் பெரும்பாலோர் “அருமை, வாழ்த்துகள்” என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மிச்சமுள்ள சிலர் கதையைக் கிழித்துத் தோரணம் கட்டுகிறார்கள். முதல் வகையால் எழுதியவருக்கு ஒரு பயனும் இல்லை. இரண்டாம் வகையால் அவர் எழுதுவதையே நிறுத்திவிடக்கூடும்.

இந்த வேலையைத் தட்டுத் தடுமாறித்தான் நான் பழகினேன். இப்போது பின்பற்றும் முறையை வரிசையாகத் தருகிறேன். சிறுகதைக்கு மட்டும்தான் இது பொருந்தும். கவிதைக்கு வேறு கணக்கு. அதில் நான் தலையிடுவதில்லை.

1. ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டியவை

கோப்பைத் திறப்பதற்கு முன்பே நான்கு விவரங்களை வாங்கிவிடுங்கள். கதை எத்தனை சொல்? எத்தனையாவது வரைவு? எங்கே அனுப்பப் போகிறார், கடைசித் தேதி என்ன? எதைப் பற்றி உங்கள் கருத்து அவருக்குத் தேவை?

கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் “பொதுவாகச் சொல்லுங்கள்” என்றே பதில் வரும். விடாதீர்கள். “முடிவு புரிகிறதா என்று பார்க்கவா? உரையாடல் இயல்பாக இருக்கிறதா என்று பார்க்கவா? எங்காவது சலிப்புத் தட்டுகிறதா என்று பார்க்கவா?” என்று திருப்பிக் கேளுங்கள். தன் கதையில் எந்த இடம் ஆட்டம் காண்கிறது என்று எழுதியவருக்கு அரைகுறையாகவாவது தெரிந்திருக்கும். நேராகக் கேட்டால் சொல்லிவிடுவார்.

தேதியைக் கேட்பது இன்னும் முக்கியம். போட்டிக்கு நாளை கடைசி நாள் என்ற நிலையில் வந்த கதைக்கு எழுத்துப் பிழைகளை மட்டும் குறித்துக் கொடுங்கள். “இரண்டாம் பாதியை மாற்றி எழுத வேண்டும்” என்று அந்த இரவில் சொல்வதால் கதை திருந்தாது, அவருடைய தூக்கம்தான் கெடும். அந்தக் கருத்தை எழுதி வைத்துக்கொண்டு, முடிவு வந்த பிறகு அவர் கேட்டால் கொடுங்கள்.

உங்கள் நேரத்தையும் கணக்கிடுங்கள். 2000 சொல் கொண்ட கதையை இரண்டு முறை படித்து, யோசித்து, ஒரு பக்கம் குறிப்பு எழுத எனக்கு இரண்டு மணி நேரமாவது ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைக் காலை அதிலேயே போய்விடும். முடியாது என்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்: “இந்த மாதம் வேலை அதிகம். அடுத்த மாதம் முதல் வாரத்தில் படிக்கலாம் என்றால் அனுப்புங்கள்.” வாங்கி வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்தால், கதை பிடிக்கவில்லை என்று அவர் தானாகவே முடிவு கட்டிக்கொள்வார்.

2. கோப்பை எந்த வடிவில் வாங்குவது

வாட்ஸ்அப் செய்தியாகவே ஒட்டி அனுப்பினால் ஏற்காதீர்கள். பக்க எண் இருக்காது, பத்தி பிரிப்பு குலைந்திருக்கும், “அந்த இடத்தில்” என்று சுட்ட வழியும் இருக்காது. கூகுள் டாக்ஸில் ஏற்றி, உங்களுக்குக் கருத்திடும் அனுமதி மட்டும் தரச் சொல்லுங்கள். திருத்தும் அனுமதியைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கை பரபரக்கும், ஒரு சொல்லை மாற்றத் தொடங்கினால் பத்தியையே மாற்றிவிடுவீர்கள்.

மூத்த எழுத்தாளர்கள் சிலர் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். அந்தக் கோப்பு உங்கள் கைப்பேசியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பதறாமல், யூனிகோடுக்கு மாற்றி அனுப்பும்படி கேளுங்கள். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. அவருக்குப் பழக்கமில்லை என்றால் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றத்தின்போது சில எழுத்துகள் இடம் மாறும். அவற்றை அவருடைய பிழையாகக் குறித்துவிடாதீர்கள். பிடிஎப் வந்தால் படிக்க வசதிதான், ஆனால் பழைய எழுத்துருவில் அமைந்த பிடிஎப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்துக் குறிப்பில் ஒட்ட முடியாது.

கோப்பின் பெயரில் தேதியைச் சேர்க்கச் சொல்லுங்கள். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே அவர் வேறொரு வரைவுக்குப் போயிருப்பார். இது அடிக்கடி நடக்கும்.

திரையில் படித்தால் என் கண் தாவுகிறது. அதனால் நான் அச்சிட்டுக்கொள்கிறேன். 2000 சொல் என்றால் ஏழெட்டுப் பக்கம் வரும். பக்கத்துக்கு இரண்டு மூன்று ரூபாய் வைத்தாலும் ஒரு தேநீர் சிற்றுண்டிச் செலவுதான்.

ஒரு கண்டிப்பான விதி: உங்களை நம்பி வந்த வரைவை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள், ஒரு பத்தியைக்கூட முகநூலில் போடாதீர்கள். பல இதழ்களும் போட்டிகளும் இணையத்தில் எங்கும் வெளிவராத படைப்பைத்தான் கேட்கின்றன. நீங்கள் ஆர்வத்தில் போட்ட அரைப்பக்கம் அவருடைய வாய்ப்பைக் கெடுத்துவிடும்.

3. முதல் வாசிப்பு: பேனாவைத் தொடாதீர்கள்

ஒரே மூச்சில் படியுங்கள். பிழை கண்ணில் பட்டாலும் நிற்காதீர்கள். கவனம் விலகிய இடத்தில் மட்டும், ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போதும். கைப்பேசியை எடுத்துப் பார்த்தீர்கள் என்றால் அதுவும் கவனம் விலகியதற்கு அடையாளம்தான், கோடு போடுங்கள்.

முடித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கதையில் என்ன நடந்தது என்று மூன்று வரியில் எழுதுங்கள். யாருக்கு என்ன ஆயிற்று, கடைசியில் என்ன மாறியது என்பது மட்டும். கருத்து வேண்டாம். இந்த மூன்று வரியைக் குறிப்பின் தலையில் வைத்து அனுப்புங்கள். அவர் எழுத நினைத்த கதையும் உங்களுக்குக் கிடைத்த கதையும் வேறு வேறு என்றால், மற்ற எல்லாக் குறிப்புகளையும்விட இந்த மூன்று வரியே அவருக்கு அதிகம் உதவும். “மகன் பேராசைக்காரன் என்றா புரிந்துகொண்டீர்கள்?” என்று அதிர்ந்து போனவர்கள் உண்டு.

பிறகு ஒருநாள் விட்டுவிடுங்கள்.

4. இரண்டாம் வாசிப்பு: எதைத் தேடுவது

நன்னூலின் பாயிரப் பகுதியில் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களின் பட்டியல் இருக்கிறது. நூலுக்குச் சொன்னதைக் கதைக்கு இழுக்கலாமா என்று புலவர்கள் கோபிக்கலாம். எனக்கோ இதைவிடக் கைக்கு அடக்கமான பட்டியல் கிடைக்கவில்லை. பத்தும் பொருந்தாது. மயங்க வைத்தல், அதாவது பொருள் இதுவா அதுவா என்று குழம்ப விடுவது, நூலில் குற்றம். கதையில் சில சமயம் அதற்காகத்தான் திரும்பப் படிக்கிறோம். நான் அதிலிருந்து ஆறை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எடுத்துக்காட்டாக, நம்மில் எழுதாதவர் குறைவு என்று சொல்லத்தக்க ஒரு கதையை வைத்துக்கொள்வோம்: நகரத்தில் வேலை பார்க்கும் மகன், அப்பா இறந்த பிறகு ஊரில் இருக்கும் வீட்டை விற்க வருகிறான்.

மாறுகொளக் கூறலை முதலில் பாருங்கள். முன்பின் முரணாகச் சொல்வது. அப்பா உயில் எழுதாமல் இறந்தார் என்று இரண்டாம் பக்கம் சொல்கிறது. ஐந்தாம் பக்கத்தில் மகன் மட்டும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வீட்டை முழுதாக விற்றுவிடுகிறான். அம்மா உயிரோடு இருக்கிறார், திருமணமான அக்காவும் இருக்கிறார். உயில் இல்லாத நிலையில், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூவருக்குமே அந்த வீட்டில் பங்கு உண்டு. வாரிசுச் சான்றிதழில் மூவர் பெயரும் வரும். மற்ற இருவரும் ஒப்புக்கொள்ளாமல் அவனால் முழு வீட்டையும் விற்க முடியாது. ஓட்டை என்று பார்த்தால் இது ஓட்டை. இன்னொரு விதத்தில் பார்த்தால், அக்காவிடம் கையெழுத்துக் கேட்டு மகன் போய் நிற்கும் காட்சியில்தான் அந்தக் கதையே இருக்கிறது! எழுதியவர் அதைத் தாண்டிப் போய்விட்டார். இத்தகைய இடத்தைக் கண்டுபிடித்தால் மற்ற ஐந்தையும் தேடாவிட்டாலும் பாதகமில்லை.

குன்றக் கூறல், தேவையானதைச் சொல்லாமல் விடுவது. வீடு எந்த ஊரில், என்ன காலத்தில், மகனுக்குப் பணம் எதற்கு என்பவை வாசகருக்குத் தெரிய வேண்டிய கட்டத்தில் தெரிந்தனவா? இங்கே ஒரு கவனம் வேண்டும்: எழுதியவர் வேண்டுமென்றே மறைத்ததையும் மறந்துவிட்டதையும் ஒன்றாக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் கேள்வியாகக் கேளுங்கள்.

மிகைபடக் கூறலும் கூறியது கூறலும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அடுத்த வரி, “அவர் மனம் துயரத்தில் துடித்தது.” அதற்கடுத்து, “அந்த வீட்டை விட்டுப் பிரிவதை அவரால் தாங்க முடியவில்லை.” முதல் வரியே போதும். இப்படிப்பட்ட இடங்கள் பத்து இருந்தால் பத்தையும் குறிக்க வேண்டாம், தெளிவான இரண்டைக் காட்டுங்கள்.

மற்றொன்று விரித்தலுக்கு நம் கதைகளில் பஞ்சமே இல்லை. பஸ் பயணத்தில் பக்கத்து இருக்கைக்காரர் அரசியல் பேசுகிறார், ஒன்றரைப் பக்கம். நன்றாகவே எழுதப்பட்டிருக்கும், அதுதான் தொல்லை. அவர் கதைக்குள் திரும்பி வருகிறாரா என்று பாருங்கள்.

ஆறாவது, சென்று தேய்ந்து இறுதல். தொடக்கம் வலுவாக இருந்து போகப்போகத் தேய்வது. அவசரமாக முடித்த கதைகளில் இது அப்பட்டமாகத் தெரியும்: முதல் மூன்று பக்கம் ஒரு மாலைப்பொழுது, கடைசி அரைப்பக்கம் பத்து வருடம். பரணில் கிடைக்கும் அப்பாவின் பழைய கடிதத்தோடு கதை முடிந்தால் தொடக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் கடிதத்தைக் கதை தேடிப் போயிற்றா, முடிக்க வழி தெரியாமல் எழுதியவர் அங்கே கொண்டு வைத்தாரா?

5. குறிப்பு எழுதுவது

“விறுவிறுப்பு போதாது”, “நடை சரியில்லை”, “ஆழம் இல்லை”. இப்படி எழுதினால் அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? எந்தப் பக்கத்தைத் திறப்பார்? ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு இருந்தே ஆக வேண்டும்: எந்த இடம், அந்த இடத்தில் படிக்கும் உங்களுக்கு என்ன நேர்ந்தது. காரணம் தெரிந்தால் சேருங்கள். தெரியாவிட்டால், “ஏன் என்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் இங்கே விலகிவிட்டேன்” என்று எழுதுவதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

எப்படித் திருத்துவது என்பதை அவரிடமே விடுங்கள். “நானாக இருந்தால்” என்று ஒரு வாக்கியம் தொடங்கினால் அந்த வாக்கியத்தையே அடித்துவிடுங்கள். அது உங்களுடைய கதை, தனியாக எழுதிக்கொள்ளலாம்.

மேலே சொன்ன கதைக்கு நான் எழுதினால் குறிப்பு இப்படி இருக்கும்:

“முதல் பக்கத்தில் அரிசி களைந்த தண்ணீரை அம்மா முருங்கைக்கு ஊற்றும் இடம் மனத்தில் நின்றது. வீடு கைமாறப் போகிறது என்று தெரிந்தும் அவர் அந்த வேலையை விடவில்லை. அடுத்த திருத்தத்தில் இதை எடுத்துவிடாதீர்கள்.

மூன்றாம் பக்கம், தரகரின் விலைப் பேச்சு. ‘சென்ட் என்ன விலை’ என்பதிலிருந்து பக்கத்தின் இறுதிவரை என் கவனம் விலகியது. மகன் வாய் திறந்ததும் திரும்பி வந்தேன்.

ஐந்தாம் பக்கம், பத்திரப் பதிவு. உயில் இல்லை என்றால் அம்மாவும் அக்காவும் கையெழுத்துப் போட வேண்டுமே? அக்கா வந்ததாகவே கதையில் இல்லை. இந்த இடத்துக்குப் பிறகு கதையை முழுதாக நம்ப முடியவில்லை.

முடிவில் வரும் கடிதம் எனக்குத் திடீரென்று பட்டது. முன்பு எங்காவது அதைப் பற்றிய குறிப்பு இருந்து நான் கவனிக்காமல் விட்டேனா?”

இவ்வளவு போதும். பெரிய குறை மூன்றுக்கு மேல் வேண்டாம். பதினைந்தை அடுக்கினால் அவர் எளிதான பன்னிரண்டைத் திருத்திவிட்டு, முக்கியமான மூன்றைத் தொடாமல் விட்டுவிடுவார்.

நல்ல இடத்தை முதலில் சொல்வது கசப்பு மருந்துக்குத் தேன் தடவ அல்ல. எது நன்றாக இருக்கிறது என்று எழுதியவருக்கே பல நேரம் தெரியாது. திருத்தும் வேகத்தில் அதையும் வெட்டிவிடுவார். அதனால் அதற்கும் பக்க எண் கொடுங்கள்.

எழுதியவர் வயதில் மூத்தவர், நாலைந்து தொகுப்பு போட்டவர் என்றால் புதியவர்களுக்குக் கை நடுங்கும். மரியாதையை விளிப்பில் காட்டுங்கள்: ஐயா, அம்மா, சார், அண்ணா, தோழர், குழுவில் எது வழக்கமோ அது. குறிப்பின் உள்ளடக்கம் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். “என் சிற்றறிவுக்கு எட்டியவரை” என்று ஆரம்பித்தால், உண்மையாகவே அதை அவ்வளவாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். எழுதிப் பெயர் பெற்ற வேறொருவரோடு ஒப்பிடுவதையும் தவிர்த்துவிடுங்கள். உயர்த்தி ஒப்பிட்டாலும் தாழ்த்தி ஒப்பிட்டாலும் உரையாடல் அந்தப் பெரியவரைப் பற்றியதாகிவிடும்.

6. எழுத்துப் பிழை கடைசியில்

காட்சியே வெட்டப்படப்போகும் பக்கத்தில் ஒற்றுப் பிழை திருத்தி என்ன பயன்? கதை அமைப்பு உறுதியான பிறகு இதற்கு வாருங்கள். வாணி எழுத்துப்பிழை திருத்தி, நாவி சந்திப்பிழை திருத்தி இரண்டும் இணையத்தில் இலவசம். அவற்றில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள் என்று எழுதியவரிடமே சொல்லலாம். மிச்சத்தை மட்டும் நீங்கள் பாருங்கள். “அந்த பையன்”, “முயற்ச்சி” என்று ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்ப வந்தால், முதல் இடத்தில் குறித்துவிட்டு “மற்ற இடங்களிலும் இப்படியே” என்று எழுதினால் போதும்.

உரையாடலில் கை வைக்காதீர்கள். மதுரைக்காரர் “அங்கிட்டு” என்பார், ஈழத்துப் பாத்திரம் “கதைத்தான்” என்றால் பேசினான் என்று பொருள். உங்களுக்குப் பழக்கமில்லாத வழக்கு எல்லாம் பிழை ஆகிவிடாது. பொருள் புரியவில்லை என்றால், புரியவில்லை என்று மட்டும் குறியுங்கள். கணினித் திருத்திகளும் இந்த இடத்தில் உதவா.

7. எங்கே, எந்த வழியில் சொல்வது

எழுத்தில் சொல்லுங்கள். குரல் பதிவு அனுப்புபவர்களைக் கண்டால் எனக்கு அலுப்பாக இருக்கும். நீண்ட பதிவில் “அந்த மூன்றாம் பக்கம்” எங்கே வந்தது என்று எழுதியவர் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்க வேண்டும். தொலைபேசி இன்னும் மோசம்: குரலில் ஏமாற்றம் தெரிந்ததும் நாம் சொல்ல வந்ததைப் பாதியில் மழுப்பிவிடுவோம்.

எல்லோரும் கதையை வாசித்துப் பேசும் குழு என்றால், கதையைப் பற்றியதைக் குழுவிலேயே சொல்லலாம், மற்றவர்களும் கற்றுக்கொள்வார்கள். கதையில் எழுதியவரின் சொந்த வாழ்க்கை, குடும்பம், சாதி தொடர்பான ஏதாவது உங்களை உறுத்தினால் அதைத் தனியாகக் கேளுங்கள். தனிச்செய்தியில் அவர் அனுப்பிய கதையைக் குழுவில் பேசவே கூடாது.

காணொளிச் சந்திப்பு நடத்துவதென்றால் நேரத்தை முன்பே பிரியுங்கள். ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடமும், கூகுள் மீட்டின் இலவசக் கணக்கில் மூவரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடமும்தான் வரம்பு. ஒரு கதைக்கு 25 நிமிடம் வேண்டும். ஆக ஓர் அமர்வுக்கு ஜூமில் ஒரு கதைக்கு மேலோ, மீட்டில் இரண்டு கதைக்கு மேலோ வைத்தால் கடைசிக் கதைக்காரர் பாவம். மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை எழுதியவர் பேசக் கூடாது என்ற விதியை வைத்துவிடுங்கள். இல்லையென்றால் முதல் ஐந்து நிமிடத்திலேயே அவர் விளக்கவுரை தொடங்கிவிடுவார்.

8. பதில் வந்த பிறகு

“ஆனால் இது உண்மையாகவே நடந்தது” என்று பதில் வரும். எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். நடந்திருக்கலாம், கதையாகப் படிக்கும்போது அதை நம்ப முடிகிறதா என்பதைத்தான் நீங்கள் சொன்னீர்கள். ஒரே ஒரு முறை இதைத் தெளிவுபடுத்திவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் கோபித்தால் மறுநாள்வரை பதில் எழுதாதீர்கள். கதை அச்சில் வரும்போது நீங்கள் சொன்ன எதையும் அவர் மாற்றவில்லை என்று தெரிந்தால், அதைப் பற்றிப் பேச வேண்டாம். இணைய இதழில் வெளிவந்த கதையில் எழுத்துப் பிழை கண்டால் தனியாகச் சொல்லுங்கள், திருத்த முடியும். அச்சு இதழ் என்றால் விட்டுவிடுங்கள்.

திருத்திய வரைவை ஒருமுறை படிக்கலாம். மூன்றாவது முறை கேட்டால் மறுத்துவிடுங்கள். அதற்குள் உங்கள் கண்ணுக்கும் கதை பழகிவிட்டிருக்கும், ஓட்டைகளை நீங்களே மனத்தில் நிரப்பிக்கொண்டு படிப்பீர்கள். புதிய வாசகர் ஒருவரைச் சுட்டிக்காட்டுங்கள்.

நாவல் வந்தால் முழுதாக வாங்காதீர்கள். முதல் முப்பது பக்கம் மட்டும் கேளுங்கள். மிச்சத்தைப் படிக்க உங்களால் முடியுமா என்பதை அதற்குப் பிறகு சொல்லுங்கள். முழு நாவலுக்குக் கட்டணம் வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். வாங்குவதானால் எத்தனை பக்கம், எந்தத் தேதிக்குள், எவ்வளவு தொகை, ஒருமுறை வாசிப்பா இருமுறையா என்பதைப் படிக்கத் தொடங்கும் முன் எழுத்தில் அனுப்பிவிடுங்கள். கருத்து பாதகமாக இருந்தாலும் தொகையைத் திருப்பித் தர முடியாது என்பதையும் அதே செய்தியில் சேர்த்துவிடுங்கள்.